ஹைட்ரஜன் வந்துவிடும், கார்பன் எங்கே போகும்?

பிளாஸ்டிக் குப்பையிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நேற்றுதான் கண்டுபிடித்தது போன்ற தொனி. ஆனால் இதன் வேதியியல் பிளாஸ்டிக்கைவிட வயதானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலக்கரியைச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் நீராவியைச் செலுத்தி வாயு தயாரித்தார்கள். அந்த வாயுவில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன். நிலக்கரி இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்துப் பாருங்கள். இன்று பேசப்படும் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி அதுதான்.

ஆகவே 'முடியுமா' என்பது பழைய கேள்வி. ஜப்பானில் 2003 முதல் ஆலை அளவிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. பிளாஸ்டிக் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் இருபுறமும் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜனைக் கழற்றிக்கொண்டபின் அந்தச் சங்கிலி என்ன ஆகிறது? செய்திகள் சரியாக இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்திக்கொள்கின்றன. இந்த முயற்சி உருப்படியானதா, வெறும் விளம்பரமா என்பது தெரியவருவதும் இதே இடத்தில்தான்.

ஒரு கிலோவில் எவ்வளவு

முதலில் கணக்கு. பைகளுக்கும் உறைகளுக்கும் பயன்படும் பாலிஎத்திலீனில் ஒரு கார்பன் அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். கார்பனின் எடை 12, ஹைட்ரஜனின் எடை 1. எனவே 14 பங்கில் 2 பங்கு, அதாவது எடையில் 14.3 சதவீதம் ஹைட்ரஜன். பாலிபுரொப்பிலீனிலும் அதே விகிதம்தான். தண்ணீரில்கூட 11.2 சதவீதம்தான் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பிளாஸ்டிக் பை தண்ணீரைவிட ஹைட்ரஜன் செறிந்த பொருள்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இப்படியில்லை. தெர்மோகோல் செய்யும் பாலிஸ்டைரீனில் 7.7 சதவீதம். குழாய்கள் செய்யும் பிவிசியில் 4.8. குடிநீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் வெறும் 4.2, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனே அடைத்துக்கொண்டிருக்கிறது. பிவிசியில் பாதிக்கு மேல் குளோரின். 'பிளாஸ்டிக்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. 'ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து இத்தனை கிலோ ஹைட்ரஜன்' என்று எவராவது சொன்னால், எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

அடுத்தது கொஞ்சம் வியப்பானது. பாலிஎத்திலீனை நீராவியோடு முழுமையாக வினைபுரிய வைத்தால் ஒரு கிலோவுக்கு 143 கிராம் அல்ல, கோட்பாட்டளவில் 430 கிராம்வரை ஹைட்ரஜன் கிடைக்கும். மீதி எங்கிருந்து வந்தது? நீரிலிருந்து. கிடைக்கும் ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குதான் பிளாஸ்டிக் தந்தது. இரண்டு பங்கு நீராவி தந்தது. நீரைப் பிடித்து, அதன் ஆக்சிஜனைப் பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஹைட்ரஜனை விடுவிக்கும் வேலையைச் செய்வது பிளாஸ்டிக்கின் கார்பன்.

மின்சாரத்தைச் செலுத்தி நீரைப் பிளக்கும் மின்பகுப்பு முறையோடு ஒப்பிட்டால் இந்த வழிக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. மின்பகுப்பில் முழுச் சுமையையும் மின்சாரம் இழுக்கிறது. இங்கே இழுப்பது கார்பன். கூலியாக அது வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியேறுகிறது. ஹைட்ரஜன் எடுக்கையில் கார்பன் டை ஆக்சைடு தற்செயலாகக் கசிந்துவிடுகிறது என்று நினைத்தால் தவறு. அது உருவாவதால்தான் ஹைட்ரஜன் இவ்வளவு எளிதாக வருகிறது.

உலைக்குள் நடப்பது

வாயுவாக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக்கை எரிப்பதற்குத் தேவையான ஆக்சிஜனைவிடக் குறைவாகவே கொடுத்து, நீராவியும் சேர்த்து, 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வாட்டுவது. முழுசாக எரிய வழியில்லாததால் பிளாஸ்டிக் உடைந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாகிறது. இதற்குத் தொழில் வட்டாரத்தில் சின்கேஸ் என்று பெயர். அந்த மோனாக்சைடை மறுபடியும் நீராவியோடு வினையூக்கியின் மேல் ஓட்டினால், அது டை ஆக்சைடாக மாறி இன்னொரு பங்கு ஹைட்ரஜனைத் தருகிறது. கடைசியில் உறிஞ்சு பொருள்கள் நிரப்பிய கலன்களில் அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஹைட்ரஜனைத் தனியே பிரிக்கிறார்கள்.

காகிதத்தில் இவ்வளவுதான். உலைக்கு முன்னால் நிற்பவர்களின் பாடு வேறு. பிளாஸ்டிக் எரிவதற்கு முன் உருகும். உள்ளே தள்ளும் திருகிலேயே உருகி ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துவிடும். மெல்லிய உறைகளுக்கு எடையே கிடையாது, இடம்தான் அடைக்கும். அவற்றை அழுத்திக் கட்டிகளாக்கியே ஊட்ட வேண்டும். வெப்பம் போதாத இடங்களில் பிளாஸ்டிக் முழுதாக உடையாமல் பிசுபிசுத்த தாராக மாறிக் குழாய்களின் உட்சுவரில் படியும். அது வினையூக்கியின் மேல் படிந்தால் அந்த வினையூக்கி செத்தது. பிவிசி ஒரு சிட்டிகை கலந்திருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி எஃகை அரிக்கும். சூடு ஆறும் விதம் தவறினால் டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள்கள் உருவாக வாய்ப்புண்டு. குப்பையில் தினமும் என்ன வரும் என்பதும் நம் கையில் இல்லை. இன்று உறைகள், நாளை ஈரத்தோடு ஒட்டிய உணவுக் கழிவு, மறுநாள் அலுமினியப் பூச்சு.

இத்தனையையும் சமாளித்து நிற்கும் ஆலை டோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகரில் இருக்கிறது. ஷோவா டென்கோ நிறுவனம் தொடங்கியது. 2023 முதல் அந்நிறுவனத்தின் பெயர் ரெசோனாக். நாளொன்றுக்கு 195 டன் பிளாஸ்டிக் குப்பையைக் கையாளும் திறன் அதற்கு உண்டு. 2022 தொடக்கத்தில் அது விழுங்கிய மொத்தக் குப்பை 10 லட்சம் டன்னைத் தொட்டது. அங்கே உலை ஒன்றல்ல, இரண்டு. முதல் உலையில், கொதிக்கும் மணல் படுகையில், 600 முதல் 800 டிகிரியில் பிளாஸ்டிக் உடைகிறது. அங்கே தப்பிய தார் இரண்டாவது உலையின் 1400 டிகிரி அளவிலான வெப்பத்தில் சிதைந்துபோகிறது. வெளிவரும் வாயுவைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். டையாக்சின் மறுபடி உருவாக அவகாசம் கிடைப்பதில்லை. குளோரினைக் காரத்தால் கழுவி உப்பாக்குகிறார்கள்.

நாளுக்கு ஏறக்குறைய 30 டன் ஹைட்ரஜன் கிடைக்கிறது. 195 டன்னுக்கு 30 டன், அதாவது கிலோவுக்கு சுமார் 150 கிராம். கோட்பாடு சொன்ன 430 கிராமில் மூன்றில் ஒரு பங்கு. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். உலையைச் சூடாக வைத்திருக்கப் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியையே எரித்தாக வேண்டும்; வரும் குப்பையும் தூய பாலிஎத்திலீன் அல்ல. இருபது ஆண்டுகளாக ஓடும் ஓர் ஆலையின் எண் என்பதால், ஆய்வகத்திலிருந்து வரும் எந்தச் சதவீதத்தைவிடவும் இதையே நான் நம்புகிறேன். கீழே வரும் கணக்குகளுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

ஆய்வகத்தின் மூன்று குறுக்கு வழிகள்

செய்திகளில் அடிபடுபவை பெரும்பாலும் இன்னும் ஆலையைக் காணாத முறைகள். அவற்றில் மூன்றைப் பார்க்கலாம். மூன்றுமே கார்பனை டை ஆக்சைடாக்காமல் வேறெங்காவது அனுப்பப் பார்க்கின்றன என்பதால்தான் அவற்றைச் சொல்கிறேன்.

2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் எட்வர்ட்ஸ் குழுவினர், பிளாஸ்டிக் துணுக்குகளை இரும்பும் அலுமினிய ஆக்சைடும் சேர்ந்த வினையூக்கியோடு கலந்து நுண்ணலையில் வைத்தார்கள். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே தத்துவம். நுண்ணலை பிளாஸ்டிக்கைச் சூடாக்குவதில்லை. வினையூக்கித் துகள்களைச் சூடாக்குகிறது, அவை தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உடைக்கின்றன. முப்பது முதல் தொண்ணூறு விநாடியில் வேலை முடிந்தது. உடைந்த பிளாஸ்டிக்கில் இருந்த ஹைட்ரஜனில் 97 சதவீதத்துக்கு மேல் கைக்கு வந்தது. பல செய்திகளைப் படித்தவர்களுக்குப் பிளாஸ்டிக்கில் 97 சதவீதமே ஹைட்ரஜனாகிவிட்டது போன்ற எண்ணம் வந்திருக்கும். ஒரு கிராம் பிளாஸ்டிக்குக்குக் கிடைத்தது சுமார் 0.11 கிராம். மீதியெல்லாம் திடமான கார்பன், பெரும்பகுதி நானோ குழாய்கள் என்ற மிக நுண்ணிய கார்பன் குழல்களின் வடிவில். அங்கே வாயுவாக வெளியேறும் கார்பன் மிகக் குறைவு. அதுதான் அந்த ஆய்வின் உண்மையான அழகு.

2023-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் இன்னும் முரட்டுத்தனமான வழியில் போனார்கள். பிளாஸ்டிக் வழியாக மின்சாரத்தை ஒரே வீச்சில் பாய்ச்சினார்கள். சில விநாடிகளில் வெப்பம் 2800 டிகிரி செல்சியஸை எட்டியது. ஹைட்ரஜன் ஆவியாகப் பிரிந்தது, கார்பன் கிராஃபீன் என்ற, ஓரணு தடிமனே உள்ள படலங்களாக அடுக்கிக்கொண்டது. அந்தக் கிராஃபீனைச் சந்தை விலையில் 5 சதவீதத்துக்கு விற்றாலே ஹைட்ரஜன் இலவசம் என்பது அவர்களின் கணக்கு.

இந்த 'இலவசம்' எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. தண்ணீர் சேர்க்காத இம்முறைகளில், ஒரு டன் ஹைட்ரஜனுக்குச் சுமார் ஆறு டன் திடக் கார்பன் வந்து குவியும். பத்து லட்சம் டன் ஹைட்ரஜன், அதாவது உலகத் தேவையில் நூற்றில் ஒரு பங்கு, தயாரித்தால் அறுபது லட்சம் டன் கார்பன். நானோ குழாய்களுக்கும் கிராஃபீனுக்கும் உலகச் சந்தை ஆயிரக்கணக்கான டன்களில் எண்ணப்படுவது. டயர்களைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக்கையே உலகம் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டன்தான் பயன்படுத்துகிறது. பொன்விலை விற்கும் பொருளை மலையாகக் குவித்தால் அது மண்விலைக்கு வந்துவிடும். கணக்கு ஆய்வகத்தில் சரி, சந்தையில் முதல் சில ஆலைகள் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு அந்தக் கார்பனைப் புதைக்க இடம் தேட வேண்டியதுதான். புதைப்பதும் ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் ஹைட்ரஜன் இலவசமாக இருக்காது.

மூன்றாவது வழி சூரிய ஒளி. கேம்பிரிட்ஜின் எர்வின் ரைஸ்னர் குழு 2018-இல் காட்மியம் சல்பைடு நுண்துகள்களைப் பிளாஸ்டிக்கோடு காரக் கரைசலில் போட்டு வெயிலுக்குச் சமமான ஒளியில் வைத்தது. நீரிலிருந்து ஹைட்ரஜன் குமிழ்கள் வந்தன. பிளாஸ்டிக் இங்கே எலக்ட்ரான்களைக் கொடுத்து உதவுகிறது, அதன் கார்பனில் பெரும்பகுதி சிறு கரிம அமிலங்களாகக் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. காட்மியம் நச்சு என்பதால் அடுத்த ஆண்டே கார்பன் நைட்ரைடுக்கு மாறினார்கள். இந்த வழிக்கும் முன்னோடிகள் உண்டு. 1981-இலேயே கவாய், சகாத்தா என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள் ஒளியால் ஹைட்ரஜன் எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய பொருள்களின் பட்டியல் கட்டுரைத் தலைப்பிலேயே இருக்கிறது: பிவிசி, புரதம், பாசி, செத்த பூச்சிகள், மலம். இவ்வளவு ஒளிவுமறைவற்ற தலைப்பை வேதியியலில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த முறை ஆலை அளவை நெருங்கவில்லை. பெட் போன்ற பாலியெஸ்டர்கள் காரத்தில் கரைந்து ஒத்துழைக்கின்றன. குப்பையில் பெரும்பங்கு வகிக்கும் பாலிஎத்திலீன் அசைந்து கொடுப்பதில்லை.

எதற்குப் பதிலாக?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பாலிஎத்திலீனும் நீராவியும் சேரும் வினையில், எந்த இழப்பும் இல்லாத கற்பனை ஆலையில்கூட, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 7.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் வழக்கமான முறையில், அதே கற்பனைக் கணக்கு 5.5 கிலோ. காரணம் எளிது: மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன், பாலிஎத்திலீனில் இரண்டுதான். நிஜ ஆலைகளில் எரிவாயு வழி 9 முதல் 10 கிலோ வெளியிடுகிறது. பிளாஸ்டிக் வழிக்கு, கவாசாகி விகிதத்தை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில், கார்பனைப் பிடித்து வைக்காவிட்டால் 15 முதல் 20 கிலோ வருகிறது. நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைகள் நிற்கும் இடம் ஏறக்குறைய இதுதான்.

அளவுகோல்களோடு ஒப்பிடுங்கள். குறைகார்பன் ஹைட்ரஜன் என்று ஒப்புக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 3.38 கிலோ. அமெரிக்காவின் தூய ஹைட்ரஜன் வரிச்சலுகைக்கு 4. இந்தியா 2023-இல் பசுமை ஹைட்ரஜனுக்கு வைத்தது 2.

அப்படியிருக்க, சில நிறுவனங்கள் தங்கள் பிளாஸ்டிக் ஹைட்ரஜனைத் 'தூய்மையானது' என்றும் 'கார்பனைக் குறைப்பது' என்றும் எப்படிச் சொல்கின்றன? பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஒப்பீட்டைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறார்கள். 'இந்தப் பிளாஸ்டிக் எப்படியும் எரிக்கப்பட்டிருக்கும். அந்தப் புகை இப்போது மிச்சம்' என்று எழுதிக் கழித்துக்கொள்கிறார்கள். ஆகவே முழுக் கணக்கும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: நாம் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் குப்பை எங்கே போயிருக்கும்?

எரியுலைக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாலிஎத்திலீனை எரித்தாலும் வாயுவாக்கினாலும் கடைசியில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஒன்றுதான், சுமார் 3.1 கிலோ. வாயுவாக்கினால் 150 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கிறது. அந்த அளவு எரிவாயு ஹைட்ரஜன் தேவைப்படாமல் போவதால் ஒன்றரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சம். ஆனால் எரியுலை சும்மா எரிக்கவில்லையே, மின்சாரமும் தந்துகொண்டிருந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று யூனிட். அது இப்போது வேறெங்கிருந்தாவது வர வேண்டும். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவுக்குப் புகை. மிச்சம் பிடித்ததெல்லாம் போய்க் கையைக் கடிக்கும். நீர்மின்சாரமும் காற்றாலையும் நிறைந்த நாடென்றால் லாபம் நிற்கும். அதே உலை, அதே குப்பை. மின்கம்பியில் ஓடுவது என்ன என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

மண்ணில் புதைந்திருக்கும் என்றால்? இங்கேதான் சொல்லக் கூச்சமான ஓர் உண்மை இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக் மக்குவதில்லை என்று எல்லோரும் குறை சொல்கிறோம். மக்காததால் அதன் கார்பன் அங்கேயே உறங்குகிறது. எண்ணெயாகப் பூமிக்கடியிலிருந்து வந்தது, பையாகத் திரும்ப அடியில் போய்விட்டது. பருவநிலைக் கணக்கில் மட்டும் பார்த்தால், அதைத் தோண்டியெடுத்து ஹைட்ரஜனாக்குவது உறங்குவதை எழுப்பிவிடுவது போலத்தான். ஆறுகளிலும் கடலிலும் கலக்கும் பிளாஸ்டிக் வேறு வழக்கு. அங்கே கேடு கார்பனால் அல்ல, பிளாஸ்டிக்காலேயே. அதைத் தடுப்பதற்காகக் கொஞ்சம் கார்பனைச் செலவழிக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் கடலில் கலக்கும் குப்பை என்பது யாரும் சேகரிக்காத குப்பை. உலை எவ்வளவு நவீனமானாலும் அது தானாக எழுந்துபோய்ச் சேகரிக்காது.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் கணக்குப்படி 2019-இல் உலகம் தள்ளிய பிளாஸ்டிக் குப்பை 35.3 கோடி டன். மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரியுலைக்கு 19, கிடங்குகளுக்கு ஏறக்குறையப் பாதி, கட்டுப்பாடில்லாமல் சிதறியது 22. அதாவது 'எப்படியும் எரிந்திருக்கும்' என்ற வாதம் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் பொருந்தும். ஒரு பேச்சுக்காக இந்த 35.3 கோடி டன்னையும் கவாசாகி விகிதத்தில் மாற்றினால் ஐந்தரைக் கோடி டன் ஹைட்ரஜன் வரும். 2023-இல் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 9.7 கோடி டன். பாதிக்குச் சற்று மேல்! ஆனால் அதற்காக வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு நூறு கோடி டன்னை ஒட்டி நிற்கும். இன்றைய ஹைட்ரஜன் தொழில் முழுவதும் சேர்ந்து வெளியிடுவது 90 கோடி டன்னுக்குச் சற்று மேல்.

கார்பனைப் பிடித்து வைத்தால் கதை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். எரியுலைப் புகையில் கார்பன் டை ஆக்சைடு பத்து சதவீதம் அளவில்தான் இருக்கிறது, மீதி பெரும்பாலும் நைட்ரஜன், பிரித்தெடுப்பது செலவு. காற்றுக்குப் பதில் ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தும் வாயுவாக்கத்திலோ அது செறிவாக, தனியே கழன்று வருகிறது. ஹைட்ரஜனைப் பிரிக்கும் வேலையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவாக நான் காணும் ஆக வலுவான வாதம் இதுதான். விளம்பரங்களில் இது முதல் வரியாக வருவதில்லை; புதைக்க இடமும் குழாயும் வேண்டும், காசு வேண்டும் என்பதாலோ என்னவோ.

எரிபொருள் என்ற சொல்லில் உள்ள சிக்கல்

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ பிளாஸ்டிக் தரும் 150 கிராம் ஹைட்ரஜனை, எரிக்காமலே வேதிவினையால் மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில் செலுத்தினால் இரண்டரை யூனிட் தேறும். அதே கிலோவை நேரே நல்ல எரியுலையில் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். இரண்டு உலை, வினையூக்கி, அழுத்தக் கலன்கள், எரிபொருள் கலம் என்று சுற்றிவந்து அதே வாசலில் நிற்கிறோம். எரிப்பதற்கான ஹைட்ரஜன் என்று பார்த்தால் இந்தச் சுற்று வீண்.

மூலப்பொருளாகப் பார்த்தால் வீண் இல்லை. உலகின் ஹைட்ரஜன் இன்று போவதெல்லாம் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும், உரத்துக்கான அம்மோனியாவுக்கும், மெத்தனாலுக்கும், கொஞ்சம் இரும்புக்கும்தான். வாகனங்களுக்குப் போவது கணக்கில் சேராத துளி. கவாசாகி ஆலையின் ஹைட்ரஜனும் முக்கியமாக அம்மோனியாவாகவே மாறுகிறது. ஆலையிலிருந்து ஒரு குழாய் அருகிலுள்ள ஹோட்டலுக்குப் போகிறது, அதன் ஆற்றல் தேவையில் சுமார் 30 சதவீதத்தை அது நிறைவேற்றுகிறது என்பது உண்மைதான். படம் பிடிக்க வருபவர்கள் ஹோட்டலுக்குத்தான் போகிறார்கள், அம்மோனியா தொட்டியை யாரும் படம் பிடிப்பதில்லை.

யார் காசு கொடுக்கிறார்கள்

குப்பையை வாயுவாக்கும் ஆலைகளின் வரலாற்றில் கல்லறைகள் அதிகம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் தெர்மோசெலெக்ட் முறையில் கட்டிய ஆலை பெரும் நஷ்டத்தோடு 2004-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தின் டீஸ் பகுதியில் ஏர் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், மின்சாரத்தால் வாயுவை மிகக் கடுமையாகச் சூடேற்றிக் குப்பையைச் சிதைக்கும் பிளாஸ்மா முறையில் இரண்டு ஆலைகளைக் கட்டி, சரியாக ஓட்ட முடியாமல் 2016-இல் கைவிட்டது. 90 கோடி முதல் 100 கோடி டாலர்வரை நஷ்டக் கணக்கு எழுதியது. இவை கலந்த நகரக் குப்பையை எடுத்த ஆலைகள். வேதியியல் எங்கேயும் பொய்க்கவில்லை. வந்த குப்பைதான் வரைபடத்தில் இருந்த குப்பையாக இல்லை.

ஜப்பானில் மட்டும் எப்படி நின்றது? தெர்மோசெலெக்ட்டையே உரிமம் வாங்கி அங்கே ஓட்டினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்தால், விடை உலைக்கு வெளியே இருப்பது தெரியும். 1995-இல் இயற்றிய பொதிவுப் பொருள் மறுசுழற்சிச் சட்டம் 2000 முதல் பிளாஸ்டிக் உறைகளையும் சேர்த்துக்கொண்டது. வீடுகளில் பிளாஸ்டிக்கைத் தனியே பிரித்துக் கொடுக்கிறார்கள், நகராட்சி சேகரிக்கிறது, உறைகளைத் தயாரிக்கும், பயன்படுத்தும் நிறுவனங்கள் அதைக் கையாளக் கட்டணம் செலுத்துகின்றன. கவாசாகி ஆலை குப்பையைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாங்கிக்கொள்வதற்கு அதற்குக் காசு கிடைக்கிறது. ஹைட்ரஜன் விலையை மட்டும் நம்பியிருந்தால் எரிவாயுவோடு போட்டிபோட்டுத் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இத்தகைய ஆலைக்கு முதலீடு திரும்ப இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டும். அத்தனை காலமும் தினமும் குப்பை வந்தாக வேண்டும். 'இத்தனை டன் தருவோம், தராவிட்டாலும் பணம் கட்டுவோம்' என்று நகரங்கள் ஒப்பந்தம் போட்டுவிட்டால், பிறகு பிளாஸ்டிக்கைக் குறைப்பதே நகரத்துக்கு நஷ்டம் என்றாகிவிடும். உலைக்குப் பிடித்த தீனி எது என்பதும் கவனிக்க வேண்டியது. பெட் பாட்டில் ஹைட்ரஜனுக்கு உதவாது, மறுசுழற்சிக்கு மிகவும் ஏற்றது. அது உலைக்கு வராது. தூய பாலிஎத்திலீன்தான் ஹைட்ரஜனை வாரி வழங்குவது, அதுவும் உருக்கி மறுபடி வார்க்கக்கூடியது. யாராலும் மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளுக்காக என்று சொல்லித்தான் இந்த ஆலைகள் வருகின்றன. ஆலை வந்தபின் சுத்தமான பாலிஎத்திலீனும் அதே வாசலுக்கு இழுக்கப்படாமல் இருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கவாசாகியில் ஹைட்ரஜனைப் பிரித்தபின் மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கிக்கு அப்படியே போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சுத்தப்படுத்தி விற்கிறார்கள். உலர்பனி ஆகிறது, குளிர்பானங்களில் குமிழியாகிறது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து கிளம்பி, உறையாகி, குப்பையாகி, இரண்டு உலைகளைக் கடந்து வந்த கார்பன், யாரோ ஒருவர் பாட்டில் மூடியைத் திருகும்போது உஸ்ஸென்று காற்றில் கலக்கிறது.